அண்ணையின் பலகையில் ஒரு முடிச்சு

நான் தங்கை, எழுதிப் பழக்கமில்லாத கை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. முன்பின் மாறி எழுதினால், அண்ணையின் நினைவாக அச்சிடும் இந்தக் கல்வெட்டை வாசிக்கும் உறவுகள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வரவர எல்லாம் மறந்து போகிறது. ஒன்று மட்டும் மறக்கவில்லை.

அண்ணை பருத்தித்துறையில், கப்பலோட்டிய குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார். பாட்டனார் காலத்தில் இரவுக் கடலில் வெள்ளி பார்த்து இடம் அறிய இராப்பலகைதான். உள்ளங்கை அளவு முதிரைப் பலகை, நடுவில் கயிறு, கயிற்றில் துறைக்கொரு முடிச்சு. முடிச்சைப் பல்லில் கடித்துப் பலகையை நீட்டினால் கீழ்விளிம்பு கடலிலும் மேல்விளிம்பு துருவ வெள்ளியிலும் முட்டவேண்டும். முட்டினால் அந்தத் துறைக்கு நேரே நிற்கிறோம். ஐயா காலத்தில் பித்தளைக் கோணமானி வந்தது. அண்ணை கேட்டவர்களுக்கு இரண்டையும் செய்து கொடுத்தார். ஆனால் தனக்கென்றால் பலகைதான். "பித்தளை களிம்பேறும், என்ரை பல்லு களிம்பேறாது" என்பார்.

சண்டைக்குப் பயந்து சாவகச்சேரிக்கு இடம்பெயர்ந்த அன்று சட்டிபானை மூட்டை கட்டக் கயிறில்லை. அண்ணையின் பலகைக் கயிற்றை உருவி, முடிச்சுகளை அவிழ்த்துக் கட்டினேன். பிறகு பழைய தடம் பார்த்துத் திரும்ப முடிந்தேன். எங்கள் துறையின் முடிச்சு இருந்த இடத்தில் மட்டும் சட்டிக்கரி பிடித்துத் தடம் மறைந்துவிட்டது. கண்மதிப்பில் முடிந்தேன். சொல்லவில்லை.

ஊர் திரும்பி முதல்தரம் கடலுக்குப் போன அண்ணை மூன்று நாள் பிந்தி வந்தார். தண்ணீர் முடிந்து உதடு வெடித்திருந்தது.

"என்னப்பா, உங்கடை வெள்ளி இடம் மாறிட்டுதோ?" என்று அவர் பெண்சாதி, என் மச்சாள், கேட்டாள்.

"வெள்ளி மாறேல்லை. முன்பல்லு ரண்டும் விழுந்திட்டுது. உந்த ஓட்டை வாயாலை கடிச்சால் அளவு பிழைக்காதே?"

சிரித்துத்தான் சொன்னார். நான் அடுப்படியில் நின்றேன். உலையில் அரிசியைப் போட்டேன். அண்ணை முடிச்சைச் சந்தேகிக்கவில்லை, தன்னைச் சந்தேகித்தார். பிறகு கடலுக்குப் போகவுமில்லை, ஒரு பலகை செய்யவுமில்லை. கேட்டு வந்தவர்களுக்கும் "நான் அளவு பிழைச்ச ஆள்" என்று சொல்லி அனுப்பினார்.

படுக்கையில் விழுந்த பிறகு பலகையை மகனிடம் கொடுத்தார். எனக்கு மருமகனான அவன் அந்தக் கயிற்றை அளந்து, அதே அளவில் நான்கு செய்திருக்கிறான். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிய நான்கு படகிலும் கட்டப் போகிறானாம்.

"படகிலை ஜீபீஎஸ் இருக்குத்தானே, தம்பி?"

"ஓம் மாமி. போன கிழமை கடலுக்கை ரண்டுதரம் செத்தது. அது செத்தால் அப்பாவின்ரை பலகை இருக்கு."

சொல்லத்தான் வாயெடுத்தேன். "தேத்தண்ணி குடியுங்கோ மாமி" என்றான். குடித்துவிட்டு வந்தேன். கடலைக் கொந்தளிக்க வைக்கும் வாடைக்காற்று தொடங்கிவிட்டது.

அண்ணையை நோயில் தூக்கி வைத்த பிள்ளைகளுக்கும், பாடை சுமந்த துறையவர்களுக்கும், சோறு கொண்டுவந்த அயலுக்கும் என் கைகள் கூப்பியபடியே இருக்கும்.

இதில் ஊர், முறை ஏதும் பிழைத்திருந்தால் தெரிந்தவர்கள் திருத்துங்கள். படகு இறங்கமுன் அந்த ஐந்து கயிறுகளையும் யாராவது சரிபாருங்கள். பலகையிலிருந்து எண்ணிப்போனால் கடைசி முடிச்சு, எங்கள் துறையினது. அது அண்ணையின் அளவல்ல.