தண்ணீர் ஊற்றிய கை

சுட்டுவிரலைப் பாதிவரை தொட்டி மண்ணுக்குள் விட்டு எடுத்து, கட்டைவிரலால் தேய்த்துப் பார்க்கிறார் அமராவதி. மண் ஒட்டினால் அந்தச் செடிக்கு இன்று தண்ணீர் கிடையாது. கீரனூரில் என் எதிர்வீட்டுக்காரர். வாசல் தொட்டிகள் எல்லாவற்றையும் இப்படித் தொட்டுப் பார்த்த பிறகுதான், திருச்சி ஜவுளிக்கடையில் பில் போடும் வேலைக்கு பஸ் ஏறுவார்.

“மேல மண்ணு காஞ்சாத்தான் வேரு தண்ணியத் தேடிக் கீழ எறங்கும். நாமளே ஊட்டிக்கிட்டு இருந்தா அது எதுக்குங்க எறங்கப்போகுது?” என்பார். பாராட்டினால் முகம் சுருங்கிவிடும். “ஒரு செடியக் கொன்னுட்டுத்தாங்க இதக் கத்துக்கிட்டேன்.”

போன கோடையில் அமராவதியின் பக்கத்து வீட்டு ஜெயராணி டீச்சர் மகளைப் பார்க்கக் குவைத் போனார். மறைந்த கணவர் ஜெரோம் வைத்த மல்லிகைத் தொட்டியை அமராவதியின் பொறுப்பில் விட்டிருந்தார். கத்திரி வெயிலுக்குப் பயந்து காலையும் மாலையும் ஊற்றினார் அமராவதி. இலை மஞ்சளித்தது. தாகம் என்று நினைத்து இன்னும் ஊற்றினார். ஒருநாள் தண்டைப் பிடித்ததும் செடி கையோடு வந்துவிட்டது. வேரெல்லாம் கறுத்து, கூழாகி, நாறியது.

யாரிடமும் சொல்லவில்லை. நர்சரியில் அதே உயரத்தில் ஒரு மல்லிகை வாங்கி அதே தொட்டியில் நட்டுவிட்டார்.

திரும்பி வந்த டீச்சர் பூப்பறித்து ஜெரோமின் படத்துக்கு வைத்தார். “ராசியான கை ஒனக்கு. அவரு இருந்தப்பகூட இப்படிப் பூக்கல, அமராவதி.”

அதன்பின் அந்த வீட்டைக் கடக்கும்போதெல்லாம் அமராவதி செல்போனைக் காதில் வைத்துக்கொள்வார். மறுமுனையில் யாரும் இருக்கமாட்டார்கள்.

ஒரு ஞாயிறு, மாதா கோயில் பூசைக்குக் கிளம்பிய டீச்சரை மறித்துச் சொல்லிவிட்டார்: “அது சார் வச்ச செடி இல்ல டீச்சர். அத நாந்தான் தண்ணி ஊத்தி அழுக விட்டுட்டேன். இது கடையில வாங்குனது.”

டீச்சர் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். “அந்தப் பூவத்தான் தெனமும் அவருக்கு வச்சேனா?” என்று மட்டும் கேட்டார். பிறகு பல மாதங்கள் பேச்சில்லை.

இந்த மே மாதம் டீச்சர் மறுபடி குவைத் கிளம்பினார். அமராவதி வாசலில் குனிந்து, ஒரு தொட்டியின் அடித்துளையை அடைத்திருந்த மண்ணைக் குச்சியால் குத்தி எடுத்துக்கொண்டிருந்தார். சுற்றுச்சுவருக்கு மேலாக டீச்சரின் கை நீண்டது. அதில் வீட்டுச் சாவி.

“அங்கிட்டுப் போயி வர ரெண்டு மாசமாகும். பாத்துக்க.”

அமராவதி எழுந்தார், முகத்தை நிமிர்த்தவில்லை. சேலைத் தலைப்பில் கைகளைத் துடைத்தார். மண் போன பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.