அச்சேறுமுன் நின்ற செய்தி

எழுபதுகளில், மெல்பேர்னில் மகளின் பள்ளி விழாவுக்கு வடை சுட்டுக் கொடுத்தேன். அன்று மாலை சில பிள்ளைகளுக்கு வாந்தி. மறுநாள் உள்ளூர்ப் பத்திரிகை நிருபர் விசாரிக்க வந்தார். வீட்டுக்கு வந்தவரிடம் இல்லையென்று சொல்லலாமா என்று, அவர் கேட்டவுடன் என் படத்தையும் கொடுத்துவிட்டேன்.

பக்கத்து வீட்டு மலர் அக்கா பதறினார். "படத்தையும் தூக்கிக் குடுத்தனீரோ? நாளைக்குப் பேப்பரில நீர்தான் பிள்ளையளுக்கு நஞ்சு வச்ச ஆள்! வெளிக்கிடும், லோயரிட்டப் போவம்."

வழக்கறிஞர் பத்திரிகை ஆசிரியரைத் தொலைபேசியில் அழைத்து, "உணவுப் பரிசோதனை முடியுமுன் இவர் பெயரைப் போட்டால் வழக்குப் போடுவோம்" என்றார். அச்சுக்குப் போகவிருந்த செய்தி நின்றது! என் போன்ற ஒருத்திக்காக ஒரு பத்திரிகை நின்று யோசிக்கும் என்று அதுவரை நான் அறியேன். கெட்டிருந்தது கிரீம் கேக் என்று பிறகு தெரிந்தது.

இப்போது படமோ கையெழுத்தோ யார் கேட்டாலும், "ஒருத்தரைக் கேட்டிட்டுச் சொல்லுறன்" என்கிறேன். கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.