அவர் சொல்லாத புகார்

மலாக்காவில் ஓர் அரசு அலுவலகத்தின் புகார் முகப்பில் நான் வேலை பார்க்கிறேன். ரெம்பியாவிலிருந்து ஒரு லோரி ஓட்டுநர் அங்கே அடிக்கடி வருவார். கழுத்துப் பொத்தான் வரை போட்ட முழுக்கைச் சட்டை, தூக்கமில்லாத கண்கள். முடியாது என்று நான் சொன்னாலும் முதலில் "சரிம்மா" என்பார். பிறகு மெல்ல அதையே மறுபடி கேட்பார்.

அவருடைய மகள் தாயோடு இருக்கட்டும் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. சமூக நல அதிகாரி கொடுத்த அறிக்கைதான் அதற்குக் காரணம் என்பது அவர் குறை.

"அண்ணே, கோர்ட்டு முடிவ நாங்க தொட முடியாது. அந்த ஆபிசர் உங்ககிட்ட தப்பா நடந்துக்கிட்டிருந்தா மட்டும்தான் புகார் எடுக்கலாம்," என்றேன் அன்றும். சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்திருந்தது. "மரியாதை இல்லாம பேசினாங்களா?"

வெகுநேரம் யோசித்தார்.

"இல்லம்மா. நல்லாதான் பேசினாங்க. புள்ள என்னை விட்டுப் போறப்ப, பாவம் லா, அவங்களும் கண்ண தொடச்சாங்க."

எழுந்து போனவர் பிறகு வரவேயில்லை. 'ஆமாம்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றே புகாரைப் பதிந்திருப்பேன். அது அவருக்கும் தெரியும். மகளுக்காக அத்தனை முறை அலைந்தவர் அந்த ஒரு பொய்யை ஏன் சொல்லவில்லை என்பது எனக்கு இன்னும் புரியவில்லை.