ஆஸ்பத்திரிப் புறா

எங்கள் வீட்டுப் புறாக் குஞ்சுகளுக்கு எந்தெந்த ஊர் தெரிய வேண்டும் என்பதைத் தீர்மானித்தது கோரிமேட்டு ஆஸ்பத்திரிதான். அப்பா அந்த ஆஸ்பத்திரி வாசலில் வேன் போட்டிருந்தார். டிஸ்சார்ஜ் ஆனவர்களை அவரவர் ஊரில் கொண்டுபோய் விடுவது வேலை. திண்டிவனத்துக்காரர் ஒருவர் எழுந்து நடமாட ஆரம்பித்தால் எங்கள் குஞ்சுகளுக்குத் திண்டிவனம் பழக்கமாகும். நெய்வேலிக்காரருக்கு உடம்பு தேறினால் நெய்வேலி. கடைசி சீட்டில் மூங்கில் கூடைக்குள் உட்கார்ந்து அவை போகும். போன இடத்தில் திறந்துவிட்டால், அப்பா திரும்பி வருவதற்குள் முதலியார்பேட்டையில் எங்கள் மொட்டை மாடியில் வந்து நின்று தீனி கேட்கும்.

இதில் அப்பாவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. கூடையின் மூடியை அவர் திறக்க மாட்டார். வீட்டுக்குப் போகிறவர்தான் திறக்க வேண்டும். ஊர் எல்லையில் வேனை நிறுத்தி, கூடையைத் தூக்கி அவர் மடியில் வைப்பார். "வாரக்கணக்கா ஃபேனையே பாத்துக்கினு படுத்திருந்தவங்க, கொஞ்சம் வானத்தையும் பாக்கட்டுமே" என்பார். திறந்தவர்கள் அதோடு விட்டால் பரவாயில்லை. சாயங்காலம் போன் வரும். "டிரைவரே, பொறா வந்துடுச்சா?" என்று கேட்பார்கள். "நீங்க வீடு போய்ச் சேர்றதுக்கு முன்னாடியே வந்துடுச்சு" என்று அப்பா சொல்வார். எங்கள் வீட்டுக்கு வந்த நலம் விசாரிப்பெல்லாம் புறாக்களுக்குத்தான். மனிதர்களை யாரும் கேட்டதில்லை.

புறாப் பந்தயம் விடுகிறவர்கள் யாரும் குஞ்சுகளை இப்படிப் பழக்க மாட்டார்கள். பந்தயம் வடக்கேயிருந்து என்றால், வடக்கே போகும் ஒரே ரோட்டில் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக் கொண்டுபோய்த்தான் விடுவார்கள். அடுத்த தெருவில் சொல்தா வீட்டு அண்ணன் அப்படித்தான் செய்தார். அவருடைய அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர் என்பதால் அந்த வீட்டுக்கு அந்தப் பெயர். காலாப்பட்டு, மரக்காணம், அதற்கும் மேலே என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர்கள் காரில் குஞ்சுகள் ஊர்வலம் போகும். எங்கள் குஞ்சுகள் எட்டுத் திக்கும் சுற்றுவதைப் பார்த்து அவர் வைத்த பெயர்தான் ஆஸ்பத்திரிப் புறா. கடைத்தெருவில் என்னைப் பார்த்தால் போதும், "என்னா பாப்பா, இன்னிக்கி எந்த வார்டு?" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஏழாவது படிக்கிற பெண்ணுக்கு இதற்குப் பதில் சொல்ல ஒரே வழிதான் இருந்தது. பந்தயத்தில் அவரை மண்ணைக் கவ்வ வைக்க வேண்டும்.

அந்தந்த வருஷக் குஞ்சுகளுக்கென்று மாசியில் தனியாகப் பந்தயம் நடக்கும். மூன்று தூரம் வைத்திருந்தார்கள். செங்கல்பட்டு, சென்னையைத் தாண்டி கும்மிடிப்பூண்டி, எல்லாவற்றுக்கும் மேலே நெல்லூர். ஒரு குஞ்சை ஏதாவது ஒரு தூரத்துக்குத்தான் விடலாம், மூன்றுக்கும் விட்டுப் பிழியக் கூடாது என்பது சட்டம். பெயர் கொடுக்க வேண்டிய நாள் நெருங்க நெருங்க எங்கள் வீட்டில் தினமும் சட்டசபை கூடியது. சித்தப்பா நெல்லூர் என்றார். நானும் நெல்லூர் என்றேன். அப்பா செங்கல்பட்டைத் தாண்ட மாட்டேன் என்றார். சேதராப்பட்டில் கம்பெனி ஷிஃப்ட் முடித்து வந்த அம்மா, "எந்த ஊர்லேர்ந்து வந்தாலும் மாடிய நான்தான கழுவணும்" என்று சொல்லிவிட்டு நடுநிலை வகித்தாள்.

சண்டையெல்லாம் ஒரே ஒரு குஞ்சுக்காகத்தான். சாம்பல் உடம்பு, இறக்கையில் இரண்டு கறுப்புப் பட்டை, பெட்டை. பட்டை என்றே பெயர் வைத்திருந்தோம். தாய் ஒதுக்கித் தள்ளியபோது பொட்டுக்கடலை மாவைக் கரைத்து ஊட்டி அதை வளர்த்தவள் நான். அது என் புறா. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதற்கு இன்னொருவரும் சொந்தம் கொண்டாடிக்கொண்டிருந்தார்.

அவர் செஞ்சிப் பக்கத்துக்காரர். மாதா மாதம் ஆஸ்பத்திரிக்கு ஊசி போட்டுக்கொள்ள வருவார், அப்பாவின் வேனில் திரும்பிப் போவார். வேர்க்கடலை மூட்டையை ஒற்றை ஆளாகத் தோளுக்கு ஏற்றியவர் என்று அப்பா சொல்வார். நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன். பட்டையை மடியில் வைத்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அதன் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார். ஒரு தடவை கூடையில் வேறு குஞ்சு இருந்ததற்கு, நான் திறக்க மாட்டேன் போ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். சாயங்காலம் அவர் போன் செய்தால் குரல் கூடம் முழுக்கக் கேட்கும். "தம்பி, நம்ம ஆளு வந்துட்டாளா?" நம்ம ஆளா! எனக்கு உடம்பெல்லாம் எரியும்.

அப்பா நெல்லூருக்குப் பயந்ததும் இவரால்தான். "நெல்லூர்லேர்ந்து குஞ்சு வரலன்னு வையி. அவரு போன் பண்ணுவாரே, என்னான்னு சொல்றது?"

"பொறா நம்முளுதா, அவருதா?" என்றார் சித்தப்பா. அதே கேள்வியை நான் இன்னும் சத்தமாகக் கேட்டேன். ஊரான் ஒருவருக்குப் பதில் சொல்லப் பயந்து என் புறாவைச் செங்கல்பட்டில் கட்டிப்போடுவது என்ன நியாயம்? ராத்திரி சாப்பாட்டை மறுத்துப் போராட்டம் அறிவித்தேன். அன்றைக்கு வாழைக்காய் வறுவல் என்று தெரிந்ததும் போராட்டத்தை ஒத்திவைத்தேன்.

பெயர் கொடுக்க வேண்டிய கடைசி நாள் செஞ்சிக்காரர் வழக்கம்போல் போன் செய்தார். இரண்டு பக்கமும் இடிபட்டுச் சலித்துப்போயிருந்த அப்பா, ஸ்பீக்கரைப் போட்டு வழக்கையே அவரிடம் தூக்கிக் கொடுத்துவிட்டார். எந்த ஊரிலிருந்து விடலாம், நீங்களே சொல்லுங்கள் என்று கேட்டார். 

"செங்கல்பட்டு அதுக்கு ஒரு தூரமா தம்பி? அங்கேர்ந்து வந்துடுவா. வந்துடுவான்னு தெரிஞ்சிக்கினே விடறதுல என்னா இருக்குது?"

"வரலன்னா என்னாண்ணா பண்றது?"

"வர்றாளான்னுதான் நான் பாக்கணும்."

நெல்லூர் மட்டும் வேண்டாம் என்று கடைசியில் அப்பா கெஞ்சினார். கும்மிடிப்பூண்டி என்று முடிவானது. எனக்குப் பாதி சந்தோஷம், பாதி கோபம். என் புறாவின் தூரத்தை யாரோ ஒருவர் செஞ்சியில் உட்கார்ந்துகொண்டு முடிவு செய்வதா!

பந்தயத்தன்று விடிந்ததும் திறந்துவிட்டதாகத் தகவல் வந்தது. அதற்குள்ளேயே கடற்காற்று பலமாக எழும்பிவிட்டது. கொடியில் கிடந்த துணியெல்லாம் மேற்கே இழுத்துக்கொண்டு படபடத்தது. முதலியார்பேட்டையில் புறா வளர்க்கிற வீடுகளின் மாடிகளில் எல்லாம் ஆட்கள் வடக்கே பார்த்து நின்றார்கள். சொல்தா வீட்டு அண்ணன் பைனாகுலரே வைத்திருந்தார். வெயில் ஏறியது. ஒரு இறகுகூடத் தென்படவில்லை. நெல்லூர் நெல்லூர் என்று குதித்த சித்தப்பா, நல்லவேளை கும்மிடிப்பூண்டியோடு நின்றோம் என்று முணுமுணுத்தார். அப்பா வானத்தைப் பார்த்ததைவிடக் கையிலிருந்த போனைத்தான் அதிகம் பார்த்தார். அது அடித்துவிடுமோ என்கிற பயம். அந்த பைனாகுலரைப் பார்க்கப் பிடிக்காமல் வடக்கே பார்ப்பதை விட்டுவிட்டு, மேற்கே விழுப்புரம் ரோட்டுப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

அந்தப் பக்கத்திலிருந்துதான் வந்தது. தென்னை மரங்களுக்கு மேலே தாழ்வாக, காற்றை எதிர்த்து, ஒற்றையாக. முதலில் காக்கை என்று நினைத்தேன். இறக்கை அடிக்கிற வேகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. "பட்டை!" என்று நான் போட்ட கூச்சலில் தெருவில் போன பால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டார்.

வந்தவள் கூண்டுக்குள் இறங்காமல் தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்துகொண்டாள். உள்ளே வந்து, பந்தயத்துக்கென்று காலில் மாட்டிய ரப்பர் வளையத்தைக் கழற்றி அதன் எண்ணைப் புறாச் சங்கச் செயலாளருக்குச் சொன்னால்தான் வந்ததாகக் கணக்கு. சித்தப்பா அவசரத்தில் கையைத் தட்டப் போனார். அவரைப் பிடித்துத் தள்ளிவிட்டு, தீனி டப்பாவை மெல்லக் குலுக்கினேன். பட்டை தலையைச் சாய்த்துப் பார்த்தாள். இறகைக் கோதினாள். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. பிறகு என்னவோ கடைக்குப் போய்த் திரும்பியவள் போல் சாவகாசமாக இறங்கி உள்ளே வந்தாள். சித்தப்பா போனில் எண்ணைச் சொல்ல, "இன்னும் ஒருத்தருக்கும் வரலியே, உனுக்கு எப்பிடிய்யா வந்துது?" என்று செயலாளர் கத்தியது எல்லோருக்கும் கேட்டது. சித்தப்பா என்னைத் தூக்கிச் சுற்றினார். அம்மா கரண்டியோடு மாடிக்கு வந்து, முதல்முறையாகப் புறாவைப் பார்த்துச் சிரித்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

காற்று புறாக்களையெல்லாம் கடற்கரையை விட்டு மேற்கே தள்ளிவிட்டிருக்கிறது. கடலோர ரோட்டைத் தவிர வேறு எதையும் அறியாத குஞ்சுகள் வழி தெரியாமல் சுற்றியிருக்கின்றன. செஞ்சி வழி பட்டைக்குத் தெரிந்த வழி. மத்தியானம் சொல்தா வீட்டு அண்ணன் படியேறி வந்து, "மேற்காலேர்ந்தா வந்துது?" என்று நம்ப முடியாமல் கேட்டார்.

"ஆமாண்ணா. செஞ்சி வார்டுலேர்ந்து" என்றேன். அதைக் கேட்டு அவரே சிரித்துவிட்டார்.

சாயங்காலம் போன் அடித்தபோது அப்பா கைகழுவிக்கொண்டிருந்தார். நான் பாய்ந்து எடுத்தேன். செஞ்சிக்காரர்தான். ஆனால் குரல் முன்போல் கூடத்துக்கெல்லாம் கேட்கவில்லை. போனைக் காதோடு அழுத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

"வந்துட்டாளா பாப்பா?"

"வந்துட்டா! ஃபர்ஸ்ட்டு! உங்க ஊரு மேலதான் பறந்து வந்தா!"

அவர் யாரையோ கூப்பிட்டுச் சொன்னார், அவர்கள் இன்னும் யாரையோ கூப்பிட்டுச் சொன்னார்கள். எனக்கு அன்று மனசு தாராளமாக இருந்தது. பட்டையில் அவருக்கும் கொஞ்சம் பங்கு கொடுத்துவிடலாம் என்று தோன்றியது.

"அடுத்த வருசம் இவ குஞ்சு இல்ல, பெரிய பொறா. நெல்லூருக்கே உடறோம். நீங்கதான் கூட வந்து கூடையத் தெறக்கணும். சாக்குப்போக்கு சொல்லக் கூடாது" என்று உத்தரவு போட்டேன்.

பதில் இல்லை. லைன் போய்விட்டது என்று நினைத்து, "ஹலோ, கேக்குதா?" என்றேன்.

"கேக்குது பாப்பா. அடுத்த வருசமா?"

"ஆமா."

"சரி, வரேன். நீ கூப்பிட்டு வராம இருப்பனா?"

திரும்பினால் அப்பா ஈரக் கையோடு நின்றுகொண்டிருந்தார். முழுக்கக் கேட்டிருக்கிறார். யாரைக் கேட்டு நெல்லூர் என்று சொன்னாய் என்று விளாசப் போகிறார் என்று நினைத்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சொல்லிட்ட இல்ல. அப்ப நெல்லூர்தான்" என்றார்.

செஞ்சிக்காரருக்குப் புற்றுநோய் என்பதும், இனி ஊசியும் வேண்டாம் என்று அந்த மாதம்தான் டாக்டர்கள் சொல்லியனுப்பியிருந்தார்கள் என்பதும், அடுத்த வருஷம் என்ற பேச்சே அவர் காதில் விழாமல் அவர் வீட்டில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதும் அப்பாவுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. தூர விஷயத்தில் கடைசியில் அப்பாவை ஜெயித்துவிட்டேன் என்றுதான் நான் நினைத்தேன். பட்டையிடம் அதைச் சொல்ல மாடிப்படியில் இரண்டிரண்டு படியாகத் தாவி ஓடினேன்.