காளானுக்குக் காவல்

இதை எழுதலாமா விடலாமா என்று பல வருடம் தயங்கிக்கொண்டிருந்தேன். பேனையை எடுப்பேன், இரண்டு வரி எழுதுவேன், பிறகு வெட்கம் வந்துவிடும். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். எழுத்தில் பிழை வரும் என்பது ஒரு பயம். அதைவிட, இதில் என் மனைவி வருகிறாள். புருஷன் பெண்சாதிக்குள் இருந்ததை ஊருக்குச் சொல்வது சரியோ என்று மனம் பின்னுக்கு இழுத்தது. இன்றைக்குப் பிள்ளையாரை வேண்டிக்கொண்டு எழுத இருந்துவிட்டேன்.

எங்கள் வீடு சாம்பல்தீவில். எனக்குத் துறைமுகத்தில், சரக்கு அடுக்கி வைக்கும் கிட்டங்கியில் வேலை. வெள்ளைக்காரர் இருந்தபோது சேர்ந்து, அவர்கள் போன பிறகும் அதே கிட்டங்கியில் இருந்தவன். பிள்ளைகள் இல்லை. மனைவி குச்சவெளிப் பக்கம், காட்டோரத்தில் காடு வெட்டி எரித்துச் சேனைப் பயிர் செய்த குடும்பத்துப் பெண். அவர்கள் வாயில் வைக்காத சாமான் குறைவு. மழை விட்டதும் விளக்கைச் சுற்றும் ஈசலைத் தண்ணீர்ச் சட்டியில் விழுத்தி, இறகைப் புடைத்து, உப்புப் போட்டு வறுப்பாள். தேன்வதையில் வெள்ளைப் புழு இருந்தால் வதையோடு சேர்த்துச் சப்புவாள். நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளுவேன். செவ்வாய், வெள்ளியில் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் தொடாமல் வளர்ந்தவன் நான்.

"இஞ்சேர், இண்டைக்கு வெள்ளிக்கிழமை. ஈசல் மச்சமெல்லே?" என்று ஒருமுறை கேட்டேன்.

"பறக்கேக்க மச்சம். இறகு கழண்டாப் பிறகு மரக்கறி," என்றாள். "பிள்ளையாருக்கு நான் சொல்லிக்கொள்ளுறன். நீங்கள் அங்கால பாத்துக்கொண்டிருங்கோ."

காளானுக்கு மட்டும் அவர்கள் வீட்டில் ஒரு முறை இருந்தது. காட்டுக் காளான் சமைத்தால் வீட்டில் ஒருவர் சாப்பிடக்கூடாது. மற்றவர்கள் சாப்பிட, அவர் முன்னால் இருக்க வேண்டும். சாப்பிட்ட பிறகும் விளக்கு வைக்கும்வரை எழும்பிப் போகக்கூடாது. சாப்பிட்டவர்களுக்கு ஏதும் ஆனால் தூக்கிக்கொண்டு ஓட ஒரு ஆள் வேண்டுமே. அதற்குக் காவல் இருப்பது என்று சொல்வார்கள். எவ்வளவு தெரிந்த காளான் என்றாலும் காவல் இல்லாமல் அவள் கை வைக்கமாட்டாள்.

கலியாணம் முடித்த வருடத்திலிருந்து நான்தான் காவல். மாரி தொடங்கி இடி இடித்ததும், வீட்டுக்குப் பின்னால் பற்றைக்குள் இருந்த புற்றைச் சுற்றிக் காளான் முளைக்கும். அவள் புற்றுக்கு ஒரு பூ வைத்துக் கும்பிட்டுவிட்டுப் பிடுங்குவாள். அன்றைக்கு நான் வேலைக்கு லீவு. அவள் சாப்பிடுவாள், நான் எதிரே இருந்து தேவாரம் சொல்லுவேன். பிறகு பின்னேரம் முழுவதும் இரண்டு பேரும் குசினி வாசலில் இருந்து கதைப்போம். அவள் ஊர்க்கதை, என் கிட்டங்கிக் கதை, ஒன்றுமில்லாத கதை. காளானை நான் ஒருநாளும் வாயில் வைத்ததில்லை. வைத்தால் காவல் யார்?

அவள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். அடுத்த வருடம் நான் பென்சனில் வந்துவிட்டேன். கோதுமை மாவுக்குத் தட்டுப்பாடு வந்து, ஊரெல்லாம் பாணுக்கு வரிசை நின்ற காலம் அது. நானும் நின்றேன். பாணை வாங்கிக்கொண்டு வந்து கதிரையில் இருந்தால், பிய்த்துச் சாப்பிடும் சத்தம்கூட எனக்குக் கேட்கும். வீடு அவ்வளவு அமைதி. கோயிலுக்குப் போவேன், கும்பிடுவேன், திரும்பி வருவேன். வழியில் நாலு பேர் "சுகமோ?" என்று கேட்பார்கள். "ஓம்" என்று சொல்லிவிட்டு நடப்பேன். சில நாள் அந்த ஓம் மட்டும்தான் நான் பேசிய பேச்சு.

அந்த மாரியில் புற்றடியில் காளான் முளைத்திருந்தது. காலையில் பார்த்துவிட்டு நெடுநேரம் நின்றேன். அவளோடு பெட்டி தூக்கிக்கொண்டு போய்ப் போய், எது அவள் எடுப்பது, எது காலால் தட்டுவது என்று எனக்குத் தெரியும். ஒரு ஆசை வந்தது. இவ்வளவு காலம் இவள் என்னத்தைத்தான் ருசித்தாள்? ஒருமுறை நானும் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும். பூ வைத்துக் கும்பிட்டேன். பிடுங்கினேன். குசினியில் கொண்டுவந்து வைத்த பிறகுதான் யோசனை வந்தது: காவலுக்கு ஆர்?

சும்மா சாப்பிட்டிருக்கலாம். ஆனால் அவள் முறையை மீற மனம் வரவில்லை. அதோடு, உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு முன்னால் வந்து ஒரு பொழுது இருக்க இந்த உலகத்தில் ஒரு ஆள் உண்டா என்று அன்றைக்கு அறிய வேண்டும்போல் இருந்தது.

பக்கத்து வீட்டுக்காரர் தபால் கந்தோரில் வேலை செய்தவர். வேலியடியில் நின்று கேட்டேன்.

"உமக்கென்ன விசரே?" என்றார். "நீர் காளானைத் திண்டு துடிப்பீர், நான் கதிரை போட்டிருந்து பாக்கிறதோ? பிறகு பொலிசுக்கு ஆர் கணக்குச் சொல்லுறது?"

அவர் மனைவி குசினிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார். "அண்ணை, பாணும் சம்பலும் இருக்கு. இஞ்ச வந்து சாப்பிடுங்கோ. உந்தச் சனியனைத் தூக்கி எறியுங்கோ."

நல்ல மனிதர்கள். அவர்கள் சொன்னதில் பிழை இல்லை. நான் சிரித்துக்கொண்டு திரும்பி வந்து, காளானை மூடி வைத்தேன்.

மத்தியானம் ஆகும்போது தயிர்க்காரரின் மணிச்சத்தம் கேட்டது. கிண்ணியாவிலிருந்து எருமைத் தயிர்ச் சட்டிகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு எங்கள் பக்கம் வருகிறவர். முஸ்லிம் ஆள், என்னைவிட இளமை, ஆனாலும் ஊர்ப் பழக்கத்தில் நான் அவரை அண்ணன் முறை வைத்துக் காக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

"என்ன அண்ணே, மூஞ்சி ஒரு மாதிரி இரிக்கி?"

"காக்கா, ஒரு உதவி. நான் சாப்பிடேக்க முன்னால கொஞ்சம் இருக்க ஏலுமே?"

"சாப்பாட்டுக்குக் காவலா? கள்ளன் வாறானா?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் சைக்கிள் ஆடியது.

"சரி அண்ணே, உங்களுக்கு என்னவும் நடந்தா நான் என்ன செய்யிற?"

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேணும்."

"இந்தச் சைக்கிள்லயா?"

"ஓம்."

"அப்ப மொதல் தயிர இறக்கணும்."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். சட்டிகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து மாமர நிழலில் வைத்தார். கயிற்றை இழுத்துப் பார்த்தார். பிறகு சைக்கிளைத் திருப்பி, டவுன் பக்கம் பார்க்க நிறுத்தினார். அதைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அடுப்பைப் பார்க்கிற சாட்டில் உள்ளே போய்விட்டேன்.

பச்சை மிளகாயும் மஞ்சளும் போட்டுத் தேங்காய்ப்பாலில் காய்ச்சினேன். திருநீறு பூசிக்கொண்டு சோற்றுக்கு முன்னால் இருந்தேன். அவர் எதிர்க் கதிரையில்.

"உங்கட சாமியச் சொல்லிட்டுத் தொடங்குங்க. நான் என்ட பக்கத்துக்குக் கேக்கிறன்," என்றார்.

முதல் வாயை வைத்தேன். மென்றேன். உப்பு இருந்தது, உறைப்பு இருந்தது. காளான் என்று சொல்ல ஒரு ருசியும் இல்லை. நனைந்த மெதுமெதுப்பு, அவ்வளவுதான். இன்னொரு வாய் வைத்தேன். அதேதான்.

"எப்படி அண்ணே?"

"ஒண்டுமில்லை காக்கா."

"ஒண்டுமில்லையெண்டா விஷம் இல்லையா, ருசி இல்லையா?"

"ரெண்டும் இல்லை."

சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவினேன். என் சமையல் பிழையோ என்று முதலில் நினைத்தேன். அவள் கைப்பக்குவம் எனக்கு வராதுதான். ஆனால் அவள் போட்டதும் அந்த மிளகாயும் மஞ்சளும் பாலும்தான். அப்படியென்றால் இதற்காகவா ஒவ்வொரு மாரியும் பற்றைக்குள் நனைந்துகொண்டு போனாள்? வெளியே வந்து குசினி வாசலில் இருந்தேன். காக்காவும் வந்து இருந்தார். தன் எருமை கன்று போட்ட கதையைத் தொடங்கினார். கன்று எழும்பி நிற்க மாட்டாமல் விழுந்த விதத்தைக் கையால் செய்து காட்டினார். நான் சிரித்தேன். என் சிரிப்பு எனக்கே அந்நியமாகக் கேட்டது.

அந்த நேரம்தான் எனக்கு அது வந்தது. ஈசலுக்கு அவள் என்னை இருக்கச் சொன்னதில்லை, அங்கால பார் என்றாள். காளானுக்கு மட்டும் நான் லீவு எடுத்து, விளக்கு வைக்கும்வரை அசையாமல் அவளுக்கு முன்னால் இருந்தேன். மற்ற நாளெல்லாம் கிட்டங்கி, கோயில், படுக்கை. அவள் அதற்காகத்தான் காளானை விரும்பினாளா? எனக்குத் தெரியாது. கேட்க ஆளும் இல்லை. தெரிந்த மாதிரி எழுதினால் அது பொய்.

வெயில் சாய்ந்தது. காக்கா வானத்தைப் பார்க்கத் தொடங்கினார். வெளிச்சம் இருக்கும்போதே போய்ப் பாதை என்கிற மிதவையைப் பிடிக்க வேண்டும், அதில் ஏறித் தண்ணீரைக் கடந்தால்தான் அவருக்குக் கிண்ணியா.

"வயிறு எப்படி அண்ணே?"

வயிற்றுக்கு ஒன்றுமில்லை. ஆனால் "என்னவோ செய்யுது காக்கா" என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் இன்னும் கொஞ்சம் இருப்பார். போகுமுன் சட்டிகளை எங்கள் ஊர் வீடுகளில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், வீட்டில் பெண்சாதி பார்த்துக்கொண்டிருக்கும் என்பதும் தெரியும்.

"சுகமா இருக்கு. நீங்கள் போங்கோ," என்றேன்.

"மெய்யாத்தானா?"

"மெய்தான்."

அவர் சைக்கிளை மற்றப் பக்கம், ஊர் வீடுகளை நோக்கித் திருப்பித் தயிரைக் கட்டினார். ஒரு சட்டியை எனக்கு வைத்துவிட்டுப் போனார். மணிச்சத்தம் வளைவு தாண்டும்வரை கேட்டுக்கொண்டு நின்றேன். பிறகு உள்ளே வந்து விளக்கு வைத்தேன்.

நடந்தது இவ்வளவுதான். ஆனால் ஊர் இதை இப்படியே விடவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து கதை புறப்பட்டு, கோயிலடியில் வளர்ந்தது. நான் நஞ்சுக் காளானைத் தின்றேனாம், தேவாரம் சொன்னதும் நஞ்சு இறங்கியதாம். உப்புவெளியிலிருந்து ஒரு மனிதர் பனையோலை உமலில் காளான் கொண்டுவந்து, "ஐயா, இதுக்குக் கொஞ்சம் திருநீறு போட்டுத் தாருங்கோ, பிள்ளையளுக்குக் காய்ச்சவேணும்" என்று கையை நீட்டினார். பார்த்தேன். அவள் காலால் தட்டுகிற சாதி. உமலைப் பறித்துக் கிடங்கு வெட்டிக் கொட்டி மூடினேன். அவர் கோபித்துக்கொண்டு போனார்.

ஆகவே வாசிக்கிறவர்களிடம் கையெடுத்துக் கேட்கிறேன். இதை வேறு யாருக்கும் சொல்வதென்றால், இருந்தபடி சொல்லுங்கள். அந்தக் காளானில் நஞ்சு இருந்தது என்று சேர்க்க வேண்டாம். திருநீறு நஞ்சை இறக்கும் என்று நம்பி ஒருவர் தின்றால் அந்தப் பாவம் என்னைச் சேரும். கடவுள் காப்பதை நான் இல்லையென்று சொல்லவில்லை, தினமும் அவரைத்தான் கும்பிடுகிறேன். இன்னொன்று. ஊர் சொல்லும் கதையில் நானும் கடவுளும் மட்டும்தான் இருக்கிறோம், தயிர்க்காரரை யாரோ எடுத்துவிட்டார்கள். அவரைத் திரும்ப வையுங்கள். அன்றைக்கு மத்தியானம் தொடங்கி வெயில் சாயும்வரை அவர் எனக்கு முன்னால் இருந்தார்.