சங்கிலிப் பிரபு

பேய், பிசாசு என்று யாராவது தொடங்கினால் எழும்பிப் போகிற ஆள் நான். இதையும் நீங்கள் நம்பவேண்டாம் தம்பி, கேட்டால் போதும்.

எண்பதுகளின் நடுவில் டென்மார்க்குக்கு அகதியாக வந்த புதிது. மன்னாரில் மனைவி ரீட்டாவையும், கொலுசு போட்டு நடை பழகிக்கொண்டிருந்த மகளையும் விட்டுவிட்டு வந்திருந்தேன். முகாமுக்குப் பக்கத்தில் ஒரு பழைய தேவாலயம், அதற்குள் ஒரு சவப்பெட்டியில் ஸ்கொட்லாந்துப் பிரபு ஒருவர். ஒரு காலத்தில் கோட்டை, குதிரை என்று வாழ்ந்தவராம். கலகத்தில் தோற்றுக் கப்பலேறி வந்தவரை இங்கே பிடித்துக் காலில் சங்கிலி போட்டார்களாம். மனைவியும் குழந்தையும் வருவார்கள் என்று கடலைப் பார்த்துப் பார்த்தே பைத்தியமாகிச் செத்தாராம். ஒருவரும் வரவில்லை. இதைச் சொன்ன ஞானம் அண்ணை, என்னோடு முகாமில் இருந்தவர், "எங்கட கதைதான், என்ன?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

செத்தவர்களை நினைக்கிற ஆத்துமாக்கள் திருநாள் வந்தது. ஊரென்றால் சேமக்காலையில் அப்பாவின் கல்லறையில் மெழுகுதிரி கொளுத்துவேன். இங்கே எனக்கு யார் இருக்கிறார்கள்? பிரபுவுக்கே கொளுத்தினேன்.

"ஐயா, என்ர ரீட்டாவை இஞ்ச கொண்டுவந்து சேர்த்துவிடுங்கோ."

மகளின் பெயரை வாயில் எடுக்கவில்லை. செத்தவருக்கு முன்னால் சின்னப்பிள்ளையின் பெயரைச் சொன்னால் கூட்டிக்கொண்டு போய்விடுவார் என்று எங்கள் வீட்டில் ஒரு பயம். நல்ல பட்டப்பகல். பெட்டியடியில் சங்கிலி இழுபடும் சத்தம் எழும்பி, என்னைக் கடந்து, வாசலால் வெளியே போனது. சத்தியமாகச் சொல்கிறேன், அங்கே ஒரு குருவிகூட இல்லை.

அன்றைக்கே ஊரில், வீட்டு வளவுக்குள் சங்கிலிச் சத்தம் கேட்டு, பக்கத்து வீட்டு நாய் அவிழ்த்துக்கொண்டு வந்துவிட்டதென்று ரீட்டா கலைக்க வெளியே ஓடியிருக்கிறாள். வளவில் நாய் இல்லை. அந்த நேரம்தான் ஷெல் வீட்டின்மேல் விழுந்தது. மகள் உள்ளே நித்திரையாக இருந்தாள்.

அடுத்த வருடம் ரீட்டா தனியாக வந்து சேர்ந்தாள். பிரபுவைப் பற்றி நான் மூச்சு விடவில்லை. ஆத்துமாக்கள் திருநாளில் பிள்ளைக்குத் திரி கொளுத்த ஒரு கோயில் வேண்டும் என்று அழுதாள், அந்த ஊரில் வேறு கோயிலும் இல்லை, அங்கேயே கூட்டிக்கொண்டு போனேன்.

திரி கொளுத்தியதும் அதே சங்கிலிச் சத்தம், வாசலால் உள்ளே வந்தது. ரீட்டா என் கையைப் பிடித்தாள்.

"இஞ்சேருங்கோ, கூட வாறது சின்னவளின்ர கொலுசெல்லோ?"

"இல்லையப்பா, காத்து" என்றேன்.

இப்போது நாங்கள் இக்காஸ்ட் என்ற ஊரில் இருக்கிறோம். அந்தத் தேவாலயத்துக்குக் காரில் போனாலும் நெடுந்தூரம். வருடா வருடம் அவள்தான் என்னை அங்கே இழுத்துக்கொண்டு போகிறாள்.