"மலை ஏந்துக்கிச்சா?" என்று கேட்டவன்

ஏழுமலை போய்விட்டான் என்ற செய்தி எனக்குச் சர்வர் அறையில் வந்தது. அன்று காலை மழையில் மின்சாரம் போய்ப் போய் வந்ததில் யு.பி.எஸ். கருகி, எங்கள் ஆஸ்பத்திரியின் பெரிய சர்வரையும் சேர்த்துக் கெடுத்துவிட்டது. ஒரு கணினியிலும் யாராலும் உள்ளே நுழைய முடியவில்லை. ஏழுமலை செய்து வைத்திருந்த ஏற்பாட்டின்படி, வெள்ளிமலைக் கிளையில் இருக்கும் மாற்று சர்வருக்கு எல்லாவற்றையும் திருப்பிக்கொண்டிருந்தேன். வார்டுகளில் திரைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. தீவிர சிகிச்சைப் பிரிவு நர்ஸ் கலா வாசலில் வந்து நின்றாள். அங்கேயும் திறந்துவிட்டது என்று சொல்ல வந்திருக்கிறாள் என நினைத்தேன். "அக்கா, ஏழுமலை அண்ணன் பூட்டாரு" என்றாள்.

கள்ளக்குறிச்சியில் அவனை அறிந்த உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். காய்ச்சல் என்று தன் காலால் நடந்து வந்து எங்கள் ஆஸ்பத்திரியிலேயே படுத்தவன். நாற்பதைக்கூடத் தாண்டவில்லை. 'அவர்' என்று எழுதுவதுதான் முறை, தெரியும். வருஷக்கணக்காகக் கணினிப் பிரிவில் என்னோடு ஒரே அறையில் உட்கார்ந்து தினம் ஒரு சண்டை போட்டவனை 'அவர்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

முன்பெல்லாம் மருந்தகத்துக்கு ஒன்று, லேபுக்கு ஒன்று, பில் போட ஒன்று என்று தனித்தனி சர்வர்கள் இருந்தன. அத்தனையையும் ஒரே பெரிய சர்வர் பெட்டிக்குள் ஓட வைக்க நிர்வாகம் வெளியாட்களைக் கூப்பிட்டது. யார் உள்ளே வரலாம் என்று பெயர் பார்த்து விடுவதற்கு டொமைன் கன்ட்ரோலர் என்று இரண்டு உண்டு. ஒன்று படுத்தால் மற்றது வேலையைப் பார்க்க வேண்டும். வந்தவர்கள் அந்த இரண்டையும் அதே பெட்டிக்குள் வைத்துவிட்டுப் போனார்கள். மேனேஜருக்கு ஒரே பெருமை. ஏழுமலை மட்டும் அவர் முன்னால் போய் நின்றான்.

"வூட்டுச் சாவி ரெண்டையும் ஒரே பாக்கெட்டுல போட்டுக்கினு கீறீங்க சார். பாக்கெட்டு கிழிஞ்சா இன்னா பண்ணுவீங்க?"

இன்னொரு பெட்டி வேண்டும் என்று தலைபாடாக அடித்துக்கொண்டான். செவிடன் காதில் ஊதிய சங்குதான். கடைசியில் மூலையில் கிடந்த பழைய சர்வரைத் தானே சரிசெய்து, ஜீப்பில் ஏற்றி, மலைப்பாதை நெடுக மடியில் பிடித்துக்கொண்டு போய் வெள்ளிமலையில் வைத்தான். ஒரு கன்ட்ரோலர் அங்கே போயிற்று. நோயாளிகளின் பதிவுகளும் உடனுக்குடன் அங்கே பிரதி ஆகிவந்தன. அன்றிலிருந்து அந்த மாற்று சர்வருக்கு அவன் வாயில் 'மலை' என்றே பெயர்.

வைத்தால் மட்டும் போதாது, ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பான். ஆஸ்பத்திரியில் எந்த நாள் சர்வரை நிறுத்த விடுவார்கள்? ஆயுத பூஜையைப் பிடித்துக்கொண்டான். அன்றைக்குத்தான் எல்லா இயந்திரத்துக்கும் சந்தனம் வைத்து ஓய்வு கொடுக்கிறோமே, பெரிய பெட்டியை நிஜமாகவே நிறுத்திவிடலாம், மலை வேலை செய்யட்டும் என்றான். நிறுத்தினான். ஒன்றுமே திறக்கவில்லை. வெளிநோயாளிகள் வரிசையில் நிற்கிறார்கள், மேனேஜர் கத்துகிறார். வெள்ளிமலைக்குப் போன் போட்டால் அங்கிருந்த மருந்தாளுநர் சாவகாசமாகச் சொன்னார்: "அதுக்கும் பொட்டு வச்சு, பொரி படைச்சு, ஆஃப் பண்ணிட்டோம் தம்பி. இன்னிக்கு எல்லாத்துக்கும் லீவு தானே?"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவன் சிரிக்கவில்லை. "அவரு மேல தப்பு இல்லக்கா. ஆளுங்களாண்ட சொல்லாம போட்ட திட்டம் இன்னா திட்டம்?" என்றான். மறு வருஷத்திலிருந்து மலை சர்வருக்கு மட்டும் விஜயதசமியன்று பூஜை. அந்த மருந்தாளுநரே முன்னின்று செய்தார்.

சர்வர் படுத்த அன்று காலை முதலில் அவனிடம்தான் ஓடினேன். முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க். நான் போவதற்குள் யாரோ அவனிடம் விஷயத்தைச் சொல்லியிருந்தார்கள். மாஸ்க்கைக் கையால் நகர்த்தி, "மலை ஏந்துக்கிச்சாக்கா?" என்று கேட்டான். "எல்லாம் ஏந்துக்கும், நீ வாய மூடிக்கினு படு" என்று அதட்டிவிட்டு வந்தேன். மலை எழுந்தது. அவனுடைய கடைசி ரத்தப் பரிசோதனை முடிவும் அங்கிருந்துதான் திறந்தது. டாக்டர்கள் பார்த்தார்கள், ஓடினார்கள், செய்யாதது ஒன்றுமில்லை. எழுந்துவிட்டது என்று அவனிடம் போய்ச் சொல்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

காரியம் முடிவதற்குள் இரண்டு புதிய சர்வர் பெட்டிகள் வந்து இறங்கின. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். "கேட்டவன் செத்தாத்தான் குடுப்பீங்களா சார்?" என்று மேனேஜரைக் கேட்டேன். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை, இன்னும் அடங்கவில்லை. அவன் மனைவி வள்ளி என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "எல்லாத்துக்கும் மாத்து வச்சாரே, எனக்கும் பொண்ணுக்கும் இன்னாக்கா வச்சிட்டுப் போனாரு?" அவளுக்கு நான் என்ன சொல்ல? இப்போதும் அவள் வீட்டுப் பக்கம் போகவே பயமாக இருக்கிறது.

அவனிடம் ஒரு கண்டிப்பு உண்டு. வேலையை விட்டுப் போனவர்களின் பெயரை அன்றைக்கே கணினியில் முடக்கிவிடுவான், பழகியவர் என்றுகூடப் பார்க்க மாட்டான். "போனவங்க பேர வுட்டு வச்சா தொறந்த கதவு மாதிரிக்கா" என்பான். அந்த வேலை இப்போது என்னுடையது. அவனிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அந்தக் கண்டிப்புதான். அதையும் அவன் பெயரில் காட்ட மனம் வராமல் நாளைக் கடத்திக்கொண்டே இருந்தேன்.

நேற்று மதியம் முடக்கினேன். வெள்ளிமலைக்கு அது போய்ச் சேரக் கொஞ்ச நேரமாவது ஆகும், அதுவரை அங்கேயாவது இருப்பான் என்று நினைத்து அந்த சர்வரைத் திறந்து பார்த்தேன். அங்கேயும் அவன் பெயர் முடங்கியிருந்தது. அவ்வளவு சரியாகச் செய்து வைத்திருக்கிறான், பாவி.